மருந்துமரமும் ஊரெல்லையும்: எல்லையோரச் சிற்றூர்களில் நெடுநாள் பேணுகைக்குரிய தகுதி குறித்த அறநோக்கு

முன்னுரை

நோயுற்றாருக்கு உதவுதல் வேண்டும் என்பதில் அறநூல்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவ்வுதவியைத் தருவது அரசாக அமையும்போது யாருக்குத் தருவது, எவ்வளவு காலம் தருவது, எவ்விடத்தில் தருவது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடையாக வகுக்கப்படும் விதிகள் அனைத்தும் 'தகுதி' என்னும் ஒரு சொல்லில் அடங்கும். குடும்ப அட்டை, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று முதலியன அத்தகுதியை மெய்ப்பிக்கும் கருவிகளாக உள்ளன.

ஓரிடத்திலேயே பிறந்து, அவ்விடத்திலேயே வாழ்ந்து முதிர்வோர்க்கு இக்கருவிகள் பெரும் இடர் தருவதில்லை. இடம்பெயர்ந்தோர்க்கும், இரு மாநிலங்களின் எல்லைக்கோட்டை நாள்தோறும் கடந்து வாழ்வோர்க்குமே இவை சிக்கலாகின்றன. அச்சிக்கல் தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று கேரள மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியாகும். அப்பகுதியின் வாழ்நிலையைக் களமாகக் கொண்டு, பொது மருத்துவக் காப்பீட்டிற்கும் நெடுநாள் பேணுகைக்கும் உரிய தகுதியை எந்த அறத்தின்மேல் நிறுவுதல் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதற்குத் திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரமும், அதற்குப் பரிமேலழகர் வரைந்த உரையும் கருத்துநிலைத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

நெடுநாள் பேணுகை என்பது இங்குக் குறித்த பொருளில் ஆளப்படுகிறது. பக்கவாதம், முற்றிய புற்றுநோய், மறதிநோய், முதுகுத்தண்டுக் காயம், முதுமைத் தளர்ச்சி போன்றவற்றால் படுக்கையில் வீழ்ந்தவரைத் திங்கள்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உடனிருந்து பேணுவதே அது. மருத்துவமனையில் நிகழும் அறுவையும் ஊசியும் அதனுள் சிறு பகுதியே. குளிப்பாட்டுதல், புண் துடைத்தல், உணவூட்டல், புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவையே அதன் பெரும்பகுதி.

எல்லைக்கோடும் வாழ்நிலமும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டன. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. இதனால் விளவங்கோட்டிற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே இருந்த வட்ட எல்லை மாநில எல்லையாயிற்று.

களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் பேருந்திலிருந்து இறங்குபவர் சிறிது தொலைவில் பாறசாலையை அடைகிறார். கடற்கரையோரம் பொழியூர் கேரளத்திலும் அதனை அடுத்த நீரோடி தமிழ்நாட்டிலும் உள்ளன. திருமண உறவு, சந்தை, கோயில் திருவிழா, தேவாலயப் பங்கு, கூலிவேலை ஆகிய அனைத்தும் கோட்டின் இருபுறமும் பரவியுள்ளன. மருத்துவத்திலும் இந்நிலையே காணப்படுகிறது. 1838-இல் இலண்டன் மிசன் சங்கத்தைச் சார்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு இராம்சே நெய்யூரில் தொடங்கிய மருத்துவப்பணி, திருவிதாங்கூர் முழுவதற்கும் அறிமுகமானதாக வளர்ந்தது. எல்லைப் பிரிவினைக்குப் பின் நெய்யூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், 1981-இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையமும் கேரளத்தில் உள்ளன. குமரி மாவட்டத்தார் வடக்கு நோக்கியும், நெய்யாற்றின்கரைப் பகுதியார் தெற்கு நோக்கியும் மருத்துவத்திற்காகச் செல்வது இன்றும் இயல்பாகவே உள்ளது.

இப்பகுதியில் 'வெளியிலிருந்து வந்தவர்' என எண்ணப்படுவோர் ஒரே தன்மையர் அல்லர். முதல் வகையினர் நெய்யாற்றின்கரை வட்டத்தில் வழிவழியாக வாழும் தமிழர். இவர்கள் எங்கும் பெயர்ந்து வந்தவர்கள் அல்லர். இவர்களைக் கடந்து சென்றது எல்லைக்கோடே. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. இரண்டாம் வகையினர் மணவுறவாலும் தொழிலாலும் கோட்டைக் கடந்து குடியேறி, அட்டை ஒருபுறமும் அடுப்பு மறுபுறமுமாக வாழ்வோர். மூன்றாம் வகையினர் வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து கட்டடப் பணியிலும் செங்கல் சூளையிலும் உணவகத்திலும் உழைப்போர். கேரளத்தில் இத்தகைய உள்நாட்டுப் புலம்பெயர் தொழிலாளர் 25 இலட்சத்தினர் எனக் குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டது. இம்மூவகையினரும் குடிமக்களே. எனவே இங்கு எழும் வினா குடியுரிமை பற்றியது அன்று. ஒரே நாட்டின் குடிகளுள் ஓர் ஊரின் பேணுகைக்கு உரியவர் யார் என்பதே வினா.

விருந்து என்னும் கருத்தும் அதன் எல்லையும்

கேரள அரசின் வழக்கில் புலம்பெயர் தொழிலாளர் 'அதிதித் தொழிலாளி' எனப்படுகின்றனர். 'அந்நியர்' என்பதைவிட இச்சொல் உயர்வானது என்பதில் ஐயமில்லை. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இச்சொல் பெரிதும் வழங்கிற்று. சொற்பொருளை நோக்கின் வேறொன்றும் புலனாகிறது. 'அதிதி' என்பதற்குத் திதி குறியாது வருபவர் என மரபுவழிப் பொருள் கூறுவர். தமிழில் 'விருந்து' என்பதன் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியர் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு விருந்து எனப் பெயரிட்டது புதிதாகப் புனையப்படும் செய்யுளைக் கருதியே. புதிதாக வந்தவர் விருந்தினர். நாள்பலவாக உடனிருப்பவரை அச்சொல் சுட்டாது.

இதனால் விருந்தோம்பல் குறைவுடைய அறம் என்பது பொருளன்று. அதன் இயல்பு குறுகிய காலத்திற்கு உரியது என்பதே கருத்து. விருந்தினர் வருவர், உண்பர், செல்வர். தருபவர் தலைவராகவும் பெறுபவர் அவர்தம் அருளுக்கு உரியவராகவும் நிற்கும் உறவு அது. ஆனால் படுக்கையில் வீழ்ந்தவர் செல்வதில்லை. ஓராண்டு கடந்த நோயில் புதுமை ஏதும் எஞ்சுவதில்லை. விருந்து முடியும் இடத்திலேயே நெடுநாள் பேணுகை தொடங்குகிறது.

இவ்விடத்தில் மேற்கு செர்மனியின் பட்டறிவு நோக்கத்தக்கது. 1955 முதல் 1973 வரை அந்நாடு ஒப்பந்தங்களின் வழித் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் தொழிலாளரை அழைத்தது. அவர்களுக்கும் 'விருந்தினர் தொழிலாளர்' என்றே பெயர் வழங்கிற்று. விருந்தினராக வந்தோருள் பலர் அங்கேயே முதிர்ந்தனர். மைக்கேல் வால்சர் தமது 'நீதியின் களங்கள்' என்னும் நூலில் (1983) இந்நிலையை ஆராய்ந்து, உழைப்பை ஏற்றுக்கொண்டு உறுப்புரிமையை மறுக்கும் சமூகம் தன்னுள் ஓர் அடிமைப் பிரிவை வைத்துக்கொள்வதாகும் என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு சமூகம் பகிர்ந்தளிக்கும் பொருள்களுள் முதன்மையானது உறுப்புரிமையே என்பது அவர்தம் கொள்கை.

கேரளம் இத்திசையில் முன்னோடியான முயற்சிகளை மேற்கொண்டது என்பதையும் மறத்தலாகாது. பிற மாநிலத் தொழிலாளர்க்கான நலத்திட்டத்தை 2010-இலும், 'ஆவாசு' என்னும் காப்பீட்டுத் திட்டத்தை 2017-இலும் அது தொடங்கியது. தொடக்கத்தில் ஆவாசு திட்டம் 15,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டையும் விபத்தால் நேரும் இறப்பிற்கு 2 இலட்சம் ரூபாயையும் உறுதிசெய்தது. 18 முதல் 60 வயது வரையிலானோர் அதற்குரியர் என வரையறுக்கப்பட்டது. உழைக்கும் வயது தகுதியின் எல்லையாக அமைந்ததை இங்குக் கருதுதல் வேண்டும். உழைப்பு நின்று பேணுகை தேவைப்படும் வயதில் விருந்தினர் தம் ஊருக்குத் திரும்பியிருப்பர் என்னும் எதிர்பார்ப்பு இவ்வரையறையில் உறைந்துள்ளது எனலாம்.

ஒப்புரவும் மருந்துமரமும்

திருக்குறள் இல்லறவியலில் பிறர்க்கு உதவுதல் மூன்று நிலைகளில் வைத்து ஓதப்படுகிறது. வந்தாரை ஏற்றல் விருந்தோம்பல். வறியார்க்கு வழங்கல் ஈகை. இவ்விரண்டிற்கும் வேறாக ஒப்புரவறிதல் என்னும் தனி அதிகாரம் உள்ளது. உலக நடையை அறிந்து ஒழுகுதல் என ஒப்புரவிற்குப் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். பெறுபவர் புதியவரா வறியவரா என்பது இங்கு முதன்மை பெறவில்லை. உடன்வாழ்தலிலிருந்து பிறக்கும் கடப்பாடே முதன்மை பெறுகிறது.

அவ்வதிகாரத்தில் ஒப்புரவாளனது செல்வத்திற்கு மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது நீர் நிறைந்த ஊருணி. இரண்டாவது உள்ளூரில் பழுத்த பயன்மரம். மூன்றாவது உறுப்பெல்லாம் மருந்தாகும் மரம். முதலிரண்டு உவமைகளிலும் 'ஊர்' என்னும் சொல் பயில்கிறது. மருந்துமரத்தைக் கூறுமிடத்து அச்சொல் இல்லை. யாப்பின் அளவு கருதி ஒரு சொல் இடம்பெறாது போதலும் உண்டாதலின், இவ்வின்மையை வலிந்து பொருள்கொள்ளுதல் தகாது. எனினும், நீருக்கும் கனிக்கும் ஊர் குறிக்கப்பட்டு, மருந்திற்கு ஊர் குறிக்கப்படாமை சிந்தனைக்குரியது.

இம்மூன்றாம் உவமைக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இக்கட்டுரைப் பொருளுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. மருந்துமரம் 'தப்புதல்' எவ்வாறு நிகழும் என்பதை அவர் மூவகையாகப் பிரிக்கிறார். சென்று கொள்ளுதற்கு அரிய இடத்தில் நிற்றல் ஒன்று. பிறர் அறியாதவாறு மறைந்து நிற்றல் மற்றொன்று. காலத்தால் வேறுபட்டுப் பயன்படாது போதல் பிறிதொன்று. மரத்தின் மருத்துவக் குணம் குறையாமலே இம்மூன்றும் நிகழும். மருந்து உண்டு; அது உரியவரைச் சென்று சேர்வதில்லை. இன்றைய நலத்திட்டங்களின் குறைகளை ஆராய்வதற்கு இதனைவிடப் பொருத்தமான பகுப்பு அரிது. எனவே இடம், மறைவு, காலம் என்னும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு எல்லையோரத் திட்டங்களை நோக்கலாம்.

காலத்தால் தப்புதல்

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டிற்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. கேரளத்தில் 2019 முதல் காருண்ய ஆரோக்கிய சுரட்சா திட்டமும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இதனுடன் இணைந்து செயற்படுகின்றன. 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவரையும் வருமானம் நோக்காது ஒன்றிய அரசு இத்திட்டத்தில் சேர்த்தது. இது பெரும் முன்னேற்றமே.

ஆயின் இக்காப்பீட்டின் உள்ளமைப்பு மருத்துவமனைச் சேர்க்கையை மையமாகக் கொண்டது. சேர்க்கைக்கு முந்தைய 3 நாள்களும் விடுவிப்பிற்குப் பிந்தைய 15 நாள்களும் ஒன்றியத் திட்டத்தில் அடங்கும். பதினாறாம் நாளிலிருந்து நோயாளி தம் வீட்டாரின் பொறுப்பு. பக்கவாதம் உற்ற முதியவர்க்குப் பதினாறாம் நாளே உண்மையான தொடக்கமாகும்.

மருத்துவத்தின் உறுப்புகளாகத் திருக்குறள் நான்கினைச் சொல்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிபவரும் அவற்றுள் ஒருவராக எண்ணப்படுகிறார். காப்பீடு மருத்துவரையும் மருந்தையும் ஏற்றுக்கொண்டு, நான்காமவரைக் குடும்பத்தின் அன்பிற்கு விட்டுவிடுகிறது. எல்லையோர வீடுகளில் அந்நான்காமவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவர் கூலிவேலைக்குச் செல்லாது ஒழிந்த நாள்கள் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

இடத்தால் தப்புதல்

நெடுநாள் பேணுகைக்குத் தனித்த ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. கேரள அரசு 2008-ஆம் ஆண்டு நோய்த்தணிப்புப் பேணுகைக்கெனக் கொள்கை வகுத்தது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய தன்னார்வ இயக்கத்தின் பட்டறிவு அதற்கு அடித்தளமாயிற்று. இன்று ஊராட்சிதோறும் செவிலியர் வீடுவீடாகச் சென்று படுக்கை நோயாளரைக் காண்கின்றனர். படுக்கையில் உள்ளவரைப் பேணுபவர்க்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் 'ஆசுவாச கிரணம்' திட்டம் 2010-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இல்லத்திற்கே வருகிறது. கடுமையான ஊனமுற்றோர்க்கு மாதந்தோறும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை 2023 முதல் வழங்கப்படுகிறது.

இரு மாநிலங்களும் இந்திய அளவில் சிறந்த ஏற்பாடுகளையே கொண்டுள்ளன. எனினும் இரண்டும் கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. செவிலியரின் சுற்று ஊராட்சி எல்லைக்குள் அமைகிறது. உதவித்தொகை ஒரு மாநிலத்தின் பதிவேட்டிற்குள் அமைகிறது. பாறசாலையில் மகனும் களியக்காவிளையில் மகளும் வாழ, இருவர் வீட்டிலும் மாறிமாறித் தங்கும் தாய் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் முறைவைத்துப் பேணுதல் நம் சமூகத்தில் பரவலாக உள்ள வழக்கமே. அத்தாய் இரண்டு கிலோமீட்டர் இடம் மாறும்போது படுக்கைப்புண்ணின் நிலையறிந்த செவிலியரை இழக்கிறார். வலிநிவாரண மருந்தின் அளவு எழுதப்பட்ட பதிவேட்டை இழக்கிறார். அவர்தம் நோய் மாறவில்லை, மாறியது மாநிலமே.

அரிசி இத்தடையைக் கடந்துவிட்டது. 2019-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' ஏற்பாட்டை அனைத்து மாநிலங்களும் நிறைவேற்ற வேண்டும் என உச்சநீதிமன்றம் 2021 சூன் 29 அன்று ஆணையிட்டது. மருத்துவமனைச் சிகிச்சையும் ஓரளவு கடந்துள்ளது. ஒன்றியத் திட்டப் பயனாளி எம்மாநிலத்திலும் இணைவுபெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். பேணுகை மட்டுமே கடக்கவில்லை.

எல்லை முற்றிலும் அடைபடும்போது இத்தடை உயிரைப் பறிக்கும் என்பதை 2020 மார்ச்சு இறுதியில் காசர்கோடு உணர்த்திற்று. மங்களூரு மருத்துவமனைகளை நம்பியிருந்த நோயாளர்க்குத் தலப்பாடியில் கருநாடகம் வழி மறுத்தது. தடையை நீக்குமாறு 2020 ஏப்ரல் முதல் நாள் கேரள உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் வரை சென்ற பின்னரே நோயாளரைக் கடக்கவிடும் நெறிமுறை வகுக்கப்பட்டது. அவசர நோயாளர்க்கு இவ்வாறு வழி திறந்தது. படுக்கையிலேயே உள்ளவர் சோதனைச்சாவடியை நாடி வருவதில்லை. ஆதலின் அவருக்கு எதிரான தடை செய்தியாவதும் இல்லை, வழக்காவதும் இல்லை.

மறைவால் தப்புதல்

திட்டம் இருந்தும் உரியவர்க்குப் புலப்படாது போதல் மூன்றாவது. ஒன்றியக் காப்பீட்டின் பயனாளர் பட்டியல் 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதற்குப் பின் மணந்தோர், பிரிந்தோர், குடிபெயர்ந்தோர் அப்பட்டியலில் தம்மைத் தேடிக் காண்பது எளிதன்று. தமிழ்நாட்டுத் திட்டம் முகாம்வாழ் இலங்கைத் தமிழரையும், ஆறு திங்களுக்கு மேல் தங்கிய பிற மாநிலத்தாரையும் உட்கொள்ள இடமளித்தது பாராட்டிற்குரியது. ஆயினும் ஆறு திங்கள் தங்கியதற்குச் சான்று பெறும் பொறுப்பு நோயுற்றவர்மேலேயே விழுகிறது. வாடகைச் சீட்டு இல்லாத சூளைத் தொழிலாளிக்கு இது மறைந்து நிற்கும் மரமே.

மொழியும் ஒரு மறைப்பாகும். அறுவை மருத்துவர் படம் நோக்கி நோயை அறிவார். நெடுநாள் பேணுகையில் நோயாளியின் சொல்லே கருவி. குத்தும் வலியா, கடுக்கும் வலியா, எரிச்சலா, மரப்பா என்பதைத் தாய்மொழியிலேயே ஒருவர் நுட்பமாக உரைக்க இயலும். நெய்யாற்றின்கரைத் தமிழ் முதியவர்க்கும், வங்காளத்திலிருந்து வந்து தண்டுவடம் முறிந்த இளைஞர்க்கும் அவரவர் மொழி அறிந்த ஒருவர் கிட்டுதல் பேணுகையின் பகுதியாகக் கருதப்பட வேண்டும். மொழிவழி மாநிலம் அமைத்த நாட்டில், மொழியுரிமை நோய்ப்படுக்கை வரை நீளுதல் முறையே.

மறுப்புகளும் அவற்றின் வலிமையும்

இக்கருத்திற்கு எதிராக மூன்று மறுப்புகள் கூறப்படலாம். அவை எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

முதலாவது பொருள்வளம் பற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயது நிறைந்தோர். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடு. தம் முதியோரைப் பேணவே திணறும் ஊராட்சி பிறரையும் ஏற்றல் எவ்வாறு என்பது நேர்மையான வினா. ஊருணியும் வற்றும். நெய்யாற்று இடதுகரைக் கால்வாயின் வழி விளவங்கோட்டிற்குச் சென்ற நீர் 2004 முதல் நின்றுபோனதையும் இப்பகுதி அறியும். ஆயின் இம்மறுப்பு செலவை எவர் ஏற்பது என்பதைப் பற்றியதேயன்றி, பேணுகைக்கு எவர் உரியர் என்பதைப் பற்றியதன்று. முன்னதற்கு விடையாக மாநிலங்களுக்கிடையே கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். அரிசிக்கு இயன்றது செவிலியர்க்கும் இயலும்.

ஐரோப்பாவில் இவ்வினா வழக்காகவே எழுந்தது. பிரான்சில் வாழ்ந்து செர்மனியில் பணிபுரிந்த மோலனார் இணையர், செர்மனியின் பேணுகைக் காப்பீட்டிற்குக் கட்டணம் செலுத்தியும் எல்லைக்கு அப்பால் வாழ்வதால் அதன் பயனைப் பெறவியலாத நிலையில் இருந்தனர். பேணுகைக்கான பணப்பயன் வாழிடத்தைக் காரணமாக்கி மறுக்கத்தக்கதன்று என 1998 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு நாடுகளுக்கிடையே இயன்ற ஒன்று இரு மாநிலங்களுக்கிடையே இயலாது எனக் கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு, தகுதி எளிதாயின் நல்ல பேணுகை நாடி எல்லோரும் வந்து குவிவர் என்பது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் இக்காரணத்தாலேயே ஏழையர்க்கான இலவச மருத்துவத்திற்கு ஓராண்டு வாழ்வை முன்நிபந்தனையாக்கியது. நாட்பட்ட மூச்சுநோயுடன் அண்டை மாநிலத்திலிருந்து குடியேறிய ஒருவரின் வழக்கில், அந்நிபந்தனை செல்லாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1974-இல் கூறிற்று. தில்லியிலும் ஓர் அரசு மருத்துவமனை உள்ளூரார்க்குப் பெரும்பங்கு படுக்கைகளை ஒதுக்கிய ஏற்பாட்டை 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது. இவை மருத்துவமனைச் சிகிச்சையைப் பற்றியவை. படுக்கையில் வீழ்ந்தவரோ மாநிலங்களை ஒப்பிட்டுத் தேர்ந்து வருவதில்லை. பிள்ளை வாழும் இடத்திற்கே செல்கிறார். எனவே நெடுநாள் பேணுகையில் இவ்வச்சம் இன்னும் வலுவிழக்கிறது.

மூன்றாவது மறுப்பு பங்களிப்பு பற்றியது. வரி செலுத்தியவர்க்கே பயன் என்பது அதன் சாரம். புலம்பெயர்ந்தோர்க்கு ஆதரவாகவும் இதே வாதம் சொல்லப்படுவதுண்டு: அவர் வீடு கட்டினார், சாலை அமைத்தார், ஆதலின் அவருக்கு உரிமை உண்டு என்பர். இது உண்மையே; எனினும் போதாது. உழைப்பையே அளவாகக் கொள்ளின் உழைக்க இயலாதாராகப் பிறந்தவரும், கூலியின்றி வீட்டிலேயே பேணியவரும், மகனை நாடி வந்த முதிய தாயும் விடுபடுவர். பங்களிப்பு கடப்பாட்டை வலுப்படுத்தலாம். அதன் வேராக அமையாது.

அவ்வேர் எது என்பதற்கு மணிமேகலை ஒரு விடையளிக்கிறது. ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்கி இரந்துவந்த உணவை யாருக்கு அளித்தான் என்பதைச் சாத்தனார் பட்டியலிடுகிறார். கண் தெரியாதார், காது கேளாதார், நடக்க இயலாதார், பேணுவார் அற்றார், நோயால் நடுங்குவார் ஆகியோரே அப்பட்டியலில் உள்ளனர். அவர்தம் ஊர் கூறப்படவில்லை. அளித்தவனும் அவ்வூரான் அல்லன். வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி வழியில் ஈன்று நீங்கிய குழந்தை அவன். பிறர் வளர்க்க வளர்ந்து, தன் ஊராரால் துரத்தப்பட்டு மதுரை வந்தவன். புலம்பெயர்ந்தவளின் மகனைப் பேணுதல் அறத்தின் உருவாக்கிக் காட்டிய காப்பியம், தகுதியைத் தேவையின்மேலேயே நிறுவியது எனலாம்.

தொகுப்புரை

எல்லையோரச் சிற்றூர்களில் பொது மருத்துவக் காப்பீடு பெருகியுள்ளது. அக்காப்பீடு குறுங்காலத் தேவைக்கு எல்லை கடந்து வருகிறது. நெடுங்காலத் தேவைக்கு எல்லையில் நின்றுவிடுகிறது. துன்பம் நீளும் அளவிற்குத் தகுதியின் வாயில் குறுகுவது அறத்திற்கு முரணானது. இம்முரணுக்கு அடிப்படை, புலம்பெயர்ந்தோரை விருந்தினராகக் காணும் நோக்கு. விருந்தோம்பல் உயர்ந்த அறமாயினும் செல்லவிருப்பவரை நோக்கியது. உடன்வாழ்ந்து முதிர்பவர்க்கு உரியது ஒப்புரவு.

ஒப்புரவின் நோக்கில் தகுதி என்பது ஒருவர் இப்போது எங்குக் கிடக்கிறார், அவருக்கு என்ன தேவை என்னும் இரண்டை மட்டுமே வினவும். ஊராட்சியின் எல்லைக்குள் ஒரு படுக்கை இருக்குமாயின் அப்படுக்கையே செவிலியர் வருகைக்குப் போதிய சான்று. செலவை அட்டை எம்மாநிலத்ததோ அம்மாநிலத்துடன் அரசு பின்னர்த் தீர்த்துக்கொள்ளலாம். சான்று திரட்டும் பொறுப்பு நோயாளியினின்று அலுவலகத்திற்கு மாறலாம். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே நோயாளியின் பதிவேட்டைக் கையளிக்கும் ஓர் உடன்படிக்கைக்குப் பெரும்பொருள் தேவைப்படாது. தேவைப்படுவது உடன்வாழ்வோர் என ஒப்புக்கொள்ளும் மனநிலை.

மருந்துமரத்தின் சிறப்பு அதன் வேரிலும் இலையிலும் பட்டையிலும் உள்ளது என்பது பொதுவான எண்ணம். அச்சிறப்பு பயன்படாது போகும் வழிகளை எண்ணிக் காட்டியது பரிமேலழகரின் நுட்பம். நலத்திட்டங்களை அவற்றின் தொகையாலும் பயனாளர் எண்ணிக்கையாலும் மதிப்பிடுவது வழக்கமாகிவிட்ட நிலையில், எவ்விடத்தில், எவ்வாறு மறைந்து, எந்நாளில் அவை தப்புகின்றன என்று வினவும் உரைமரபு நம்மிடம் உள்ளது. அவ்வினாவை எல்லையோரத்துப் படுக்கையின் அருகிலிருந்து எழுப்புதல் தமிழாய்வுக்கும் உரிய கடமையாகும்.